கடைசி வரிசையில் புள்ளி தெரிகிறதா?

பொங்கலுக்கு மறுநாள் மாலை ஆறரை மணிக்கு முதல் வகுப்பு. ஜிப்பா அணிந்து, பையில் கரும்புத் துண்டுகளோடு போயிருந்தேன். இருபத்தாறு மாணவர்கள், இரண்டு திரைகள், ஒரு விரிவுரை மேசை, அதன்மேல் பதித்த ஒரு தொடுதிரை. ஆறு ஐம்பது வரை இரண்டு திரைகளிலும் நீலம் மட்டுமே தெரிந்தது. அதற்குள் கரும்பு தீர்ந்துவிட்டது.

உயர்நிலைப் பள்ளியில் பத்தொன்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்துவிட்டு, இப்போது சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாகத் தமிழ் இலக்கியப் பாடம் ஒன்றை நடத்துகிறேன். வாரத்திற்கு ஒரு மாலை, மூன்று மணி நேரம், பருவத்திற்கு 13 வாரங்கள். நான் மாணவனாக இருந்த காலத்தில் வகுப்பில் ஓஎச்பி இருந்தது. கண்ணாடித்தாளில் பேனாவால் எழுதி வைத்தால் சுவரில் விழும். கெட்டுப்போவதற்கு அதில் ஒரு விளக்கைத் தவிர வேறு பெரிதாக ஒன்றும் இல்லை. இந்த மேசைக்குள் என்ன இருக்கிறது என்பதே எனக்குத் தெரியவில்லை. இருபது நிமிடம் அசடு வழிந்த அன்றிரவே ஒரு குறிப்பேடு எடுத்து எழுதத் தொடங்கினேன். இது அதிலிருந்து எடுத்த பதிவு.

முதல் வாரத்துக் குற்றவாளி என் சொந்தக் கேபிள். மேசையோடு கட்டியிருந்த கேபிள் குட்டை. நான் நின்று பேசும் பக்கத்திற்கு எட்டவில்லை. ஆகவே அதைக் கழற்றிவிட்டு, கைப்பேசிக்கு மின்னேற்றும் என் இரண்டு மீட்டர் யூஎஸ்பி-சி கேபிளைச் செருகினேன். இரு முனைகளும் கச்சிதமாகப் பொருந்தின. மடிக்கணினியில் மின்னேற்றக் குறிகூட எரிந்தது. அதைப் பார்த்ததும் கேபிள் நல்ல கேபிள் என்று முடிவுகட்டிவிட்டேன். மேசை, தொடுதிரை, புரொஜெக்டர், என் மடிக்கணினி என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். கையில் இருந்ததை மட்டும் சந்தேகப்படவில்லை.

யூஎஸ்பி-சி முனையில் 24 தொடுமுனைகள் உண்டு. அவற்றில் அதிவேகத் தடங்கள் என்று சில இணைகள் இருக்கின்றன. படம் போவது அவற்றின் வழியாகத்தான். மின்னேற்றுவதற்கென்றே செய்த கேபிளில் மின்சாரம் போகும் கம்பியும், பழைய யூஎஸ்பி 2.0 வேகத்துக்கான ஓர் இணையும் மட்டுமே ஓடும். வேகத் தடங்களே இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு கேபிளும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கும். சில மடிக்கணினிகளில் துளையே படம் அனுப்பாத துளையாக இருக்கும், அது வேறு கதை. என் மகள் தன் சிவப்பு நகப்பூச்சால் படம் போகும் கேபிளின் இரு முனைகளிலும் பொட்டு வைத்துக் கொடுத்தாள். இந்தப் பருவம் முழுவதும் எனக்கு மிகவும் உதவிய கருவி அந்தப் பொட்டுதான்.

அன்று என்னைக் கரையேற்றியவர் அந்தத் தளத்து அறைகளுக்குப் பொறுப்பான தொழில்நுட்பர். ஐம்பது வயதைத் தாண்டிய மலாய்க்காரர். நான் அவரை 'அபாங்' (மலாயில் அண்ணன்) என்று அழைத்தேன்; அவர் என்னைச் 'சிக்கு' என்றார். மலாயில் ஆசிரியரை அப்படித்தான் அழைப்பார்கள். மேசையின் பின்கதவைத் திறந்து உள்ளே பின்னிக் கிடந்த கேபிள்களைக் காட்டியபோது, தமிழில் 'சிக்கு' என்றால் இதுதான் என்று சொன்னேன். அவர் சிரித்து முடிக்கச் சற்று நேரம் பிடித்தது. அதன் பிறகு நான் கூப்பிட்டபோதெல்லாம் வந்தார்.

இரண்டாம் வாரம் கேபிள் சரி, படமும் வந்தது. ஆனால் எழுத்துகள் எல்லாம் பக்கவாட்டில் உப்பியிருந்தன. 'ண' என்ற எழுத்து மூன்று பேர் ஒட்டி உட்கார்ந்த பெஞ்சு போல நீண்டு கிடந்தது. பாடத்தைத் தொடங்கி அரை மணி நேரத்துக்குப் பிறகு கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி கை தூக்கினாள். "சார், அது 'கல்'லா, 'கல'வா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. போய் அவள் பக்கத்தில் நின்று பார்த்தேன். உண்மைதான். அங்கிருந்து புள்ளி தெரியவில்லை. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று புள்ளியே இடாமல் எழுதிய காலம் ஒன்று இருந்தது. சுவடி படிப்பவர்கள் இடம் பார்த்துத்தான் மெய்யா உயிர்மெய்யா என்று முடிவு செய்வார்கள். லட்சக்கணக்கில் செலவு செய்து கட்டிய அறையில் நான் மாணவர்களை அந்தச் சுவடிக் காலத்துக்கே திருப்பி அனுப்பியிருந்தேன்.

ஆங்கிலப் பாடம் நடத்துபவருக்கு இந்தத் தொல்லை எளிதில் கண்ணில் படாது. மங்கலான படத்திலும் ஆங்கிலச் சொல்லைக் கண் ஊகித்துக்கொள்ளும். தமிழில் ஒரு புள்ளி போனால் சொல்லே வேறு. அறையைச் சோதிப்பவர்கள் ஒரு நிழற்படத்தையோ பல்கலைக்கழகச் சின்னத்தையோ காட்டிப் பார்த்துவிட்டு 'நன்றாக இருக்கிறது' என்று போய்விடுவார்கள். ஆகவே எனக்கென்று ஒரு சோதனை ஸ்லைடு செய்தேன். அதில் நான்கே வரிகள்: கல் கல, ண ன ந, ர ற, எ ஏ ஒ ஓ. திரையில் அதைப் போட்டுவிட்டுக் கடைசி வரிசைக்கு நடந்துபோய் உட்கார்ந்து படிப்பேன். படிக்க முடிந்தால்தான் அறை தயார்.

உப்பியதற்கான காரணம் முதலில் கிடைத்தது. மடிக்கணினியைச் செருகியவுடன் அது மறுமுனையிலிருக்கும் கருவியிடம் 'உன்னால் எந்தெந்த அளவில் படம் காட்ட முடியும்' என்று கேட்கும். மறுமுனை ஒரு சிறு குறிப்பை அனுப்பும். இடிஐடி (EDID) என்பது அதன் பெயர். அடிப்படைக் குறிப்பு 128 பைட் மட்டுமே. நான் என்ன செய்தேன்? அறைக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகக் கேபிளைச் செருகினேன். பிறகுதான் தொடுதிரையைத் தட்டினேன். மேசையும் புரொஜெக்டரும் தூங்கிக்கொண்டிருந்தபோது என் மடிக்கணினி கேள்வி கேட்டிருக்கிறது. பதில் சரியாக வரவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று 1024க்கு 768 என்ற பழைய அளவில் அது படத்தை அனுப்பத் தொடங்கியது. அந்தப் புரொஜெக்டரின் சொந்த அளவு 1920க்கு 1200. மூன்றில் ஒரு பங்கு படப்புள்ளிகளை (பிக்சல்களை) வைத்துக்கொண்டு முழுத் திரையையும் நிரப்ப, அகலத்தில் இழுத்து விட்டிருந்தது.

மாற்று மருந்து வரிசைதான். முதலில் தொடுதிரையைத் தட்டி அமைப்பை எழுப்ப வேண்டும். புரொஜெக்டர் ஒளி தருவதற்கு அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அதுவரை காத்திருக்க வேண்டும். பிறகு 'மடிக்கணினி' என்ற பொத்தானை ஒரே ஒரு முறை அழுத்த வேண்டும். கடைசியாகத்தான் கேபிள். நடுவில் பொறுமையிழந்து மூன்று பொத்தான்களை மாற்றி மாற்றி அழுத்தினால், ஒவ்வோர் அழுத்தமும் வரிசையில் நிற்கும். அமைப்பு விழித்ததும் ஒவ்வொன்றாக நிறைவேற்றத் தொடங்கும். முதல் வாரம் என் திரைகள் தாமாகவே எரிந்தும் அணைந்தும் ஆடியது பேய் பிடித்ததால் அல்ல. அதுபோல விளக்கு வைத்த பழைய புரொஜெக்டரை அணைத்தவுடன் மறுபடி ஏற்ற முடியாது. உள்ளே இருப்பது உயர் அழுத்தத்தில் பாதரச ஆவி எரியும் விளக்கு. சூடு தணிந்தால்தான் மீண்டும் பற்றும். லேசர் வகையில் இந்தக் காத்திருப்பு இல்லை, ஆனால் எங்கள் அறைக்கு இன்னும் அது வரவில்லை.

உப்பல் போனது. புள்ளி ஓரளவு திரும்பி வந்தது, முழுதாக அல்ல. திரையின் கீழ் ஓரத்தில் இருந்த வரிகள் மட்டும் இன்னும் பிசுபிசுத்தே தெரிந்தன. மேல் வரிகள் தெளிவு. இதைச் சொன்னதும் அபாங் புரொஜெக்டரை அண்ணாந்து பார்த்தார். யாரோ, எப்போதோ, அதைத் தாங்கும் இரும்புக் கொக்கியைச் சற்றுச் சாய்த்திருக்கிறார்கள். சாய்ந்த புரொஜெக்டரின் படம் செவ்வகமாக விழாது, ஒரு பக்கம் அகன்ற முறம் போல விழும். அந்த முறத்தைச் செவ்வகமாக்க 'கீஸ்டோன்' என்றொரு வசதி உண்டு. அது வில்லையை நகர்த்துவதில்லை. படத்தையே கணக்குப்போட்டு ஒரு பக்கம் ஒடுக்குகிறது. ஒடுக்கும்போது ஒரு வரிசைப் படப்புள்ளிகள் பக்கத்து வரிசையோடு கலந்துவிடும். நிழற்படத்தில் அது தெரியாது. மெய்யெழுத்தின் புள்ளியில் தெரியும்.

மூன்றாம் வாரம் வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே இருவரும் ஏணியோடு நின்றோம். ஏணியில் ஏறியவர் அவர். ஏணியைப் பிடித்ததும் சோதனை ஸ்லைடைப் படித்ததும் நான். கீஸ்டோனைச் சுழியாக்கினார். படம் முறமானது. பிறகு நீர்மட்டக் குழாய் வைத்துப் பார்த்துக் கொக்கியைச் சமன் செய்தார். படம் செவ்வகமானது, ஆனால் திரையைவிட்டு ஒரு சாண் மேலே ஏறிவிட்டது. அதைக் கீழே இறக்க வில்லையையே நகர்த்தும் திருகு ஒன்று இருக்கிறது. அதைத் திருப்பினால் ஒளியின் பாதைதான் மாறும்; படத்தின் புள்ளிகள் கெடாது. அவர் திருக, நான் பின்வரிசையிலிருந்து "கல், கல" என்று கத்திக்கொண்டிருந்தேன். வாசலைக் கடந்த துப்புரவுப் பணியாளர் அம்மா ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார். அவர் தமிழர். என்ன நினைத்தாரோ.

எழுத்தின் அளவையும் அன்றே முடிவு செய்தேன். படத்தின் உயரத்தைப் போல ஆறு மடங்குக்கு மேல் தள்ளி உட்கார்ந்தால் எழுத்தைப் படிப்பது கடினம் என்பது இந்தத் தொழிலில் உள்ளவர்களின் பழைய கணக்கு. எங்கள் திரையில் படத்தின் உயரம் 1.8 மீட்டர், கடைசி வரிசை ஏறத்தாழ 11 மீட்டர் தொலைவில். எல்லைக்கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆகவே 24 புள்ளி அளவில் இருந்த பாட்டுகளை எல்லாம் 36க்கு உயர்த்தினேன். ஒரு ஸ்லைடில் ஆறு அடிகளுக்கு மேல் வைப்பதில்லை. சிங்கப்பூரில் சூரியன் ஆண்டு முழுதும் ஏழு மணி வாக்கில்தான் மறையும். ஆறரை மணி வகுப்பின் முதல் அரை மணி நேரம் மேற்குச் சன்னல் வழியாக வெயில் திரையில் விழும். நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து என்று நான் ஆசையாகச் செய்திருந்த ஸ்லைடுகள் அந்த வெயிலில் வெற்றுத் திரையாகவே தெரிந்தன. வெள்ளையில் கறுப்பு. அதற்கு மேல் அலங்காரம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

நான்காம் வாரம் என் மடிக்கணினி வீட்டில் இருக்க, கோப்பை மட்டும் எடுத்துப்போய் அறையின் கணினியிலேயே திறந்தேன். பாடம் யாப்பு. குறள் வெண்பாவின் முதல் அடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று. அதைத்தான் திரையில் காட்டிக்கொண்டிருந்தேன். திரையிலோ முதல் அடியில் மூன்று சீரும் இரண்டாம் அடியில் ஒற்றைச் சீரும் மூன்றாம் அடி என்று ஒன்று புதிதாக முளைத்தும் இருந்தன. முன்வரிசை மாணவன் ஒருவன் மரியாதையாகவே கேட்டான்: "சார், இது விதிவிலக்கா?"

என் மடிக்கணினி ஆப்பிள். அதில் 'இணைமதி' என்ற எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தேன். மலேசியாவின் முத்து நெடுமாறன் வடிவமைத்தது, ஆப்பிள் கணினிகளோடு சேர்ந்தே வருவது. அறையின் விண்டோஸ் கணினியில் அது இல்லை. இல்லாத எழுத்துருவுக்குப் பதிலாக அது தன்னிடம் உள்ள 'நிர்மலா'வைப் போட்டுக்கொண்டது. இரண்டிலும் எழுத்தின் அகலம் வேறு. நான்காவது சீர் இடம் போதாமல் கீழே உருண்டது.

அந்த எழுத்துருவை அறைக் கணினியில் நிறுவினால் தீர்ந்தது என்று நினைக்கலாம். நானும் நினைத்தேன், வேறொன்றை நிறுவியும் பார்த்தேன். அடுத்த வாரம் போனால் அது அங்கே இல்லை. வகுப்பறைக் கணினிகள் அணைத்து ஏற்றும் ஒவ்வொரு முறையும் பழைய நிலைக்கே திரும்பும்படி அமைக்கப்பட்டவை; நாம் சேர்த்தது எதுவும் தங்காது. அது நல்லதுதான், நூறு பேர் தொடும் கணினி. ஆகவே இப்போது எந்தக் கோப்பையும் பிடிஎஃப் வடிவிலும் ஒரு பிரதி எடுத்து வைக்கிறேன். பிடிஎஃப்பில் எழுத்துரு உள்ளேயே பதிந்து போகும். அடி எங்கே முறிய வேண்டுமோ அங்கேதான் முறியும்.

பழைய குறிப்புகள் இன்னொரு தலைவலி. எனக்கு முன் வேறோர் இடத்தில் இதே பாடத்தை நடத்திய மூத்த ஆசிரியர் ஒருவர் தம் கோப்புகளை எல்லாம் அன்போடு எனக்குக் கொடுத்திருந்தார். திறந்தால், மேலே கொம்பும் கீழே வாலும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகள் பக்கம் பக்கமாக. அவை 'திஸ்கி' முறையில் தட்டச்சு செய்தவை. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறை 1991இல் வந்தபோதே அதில் தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் அது நம் கணினிகளில் ஓடிப் பழக இன்னும் பத்தாண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் ஆங்கிலத்துக்கு ஒதுக்கியது போக மீதமிருந்த 128 முதல் 255 வரையிலான எண்களில் தமிழை அடைத்து வைத்தார்கள். அந்த எண்களில் ஐரோப்பிய மொழிகளின் எழுத்துகளும் குடியிருந்தன. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் வாடகைக்காரர் போய் வீட்டுக்காரர் தலைகாட்டிவிடுவார். இந்தக் குழப்பத்தை எல்லாம் தீர்க்க உட்கார்ந்து பேசிய முதல் தமிழ் இணைய மாநாடு 1997இல் நடந்தது இதே சிங்கப்பூரில்தான். நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்தினார். அந்த ஊரிலேயே 2000ஆம் ஆண்டுக் கோப்பு ஒன்றைப் படிக்க முடியாமல் நான் நின்றேன். மாற்றிகள் இருக்கின்றன, ஒட்டினால் யூனிகோடாக வந்துவிடும். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் சில இடங்களில் இடம் மாறியதால், ஒவ்வொரு பாட்டையும் கண்ணால் சரிபார்க்க வேண்டியிருந்தது. பருவத்தின் நடுவில் வரும் இடைவேளை வாரம் முழுவதும் அதற்கே போனது.

இடைவேளைக்கு முன்னால், ஐந்தாம் வாரத்தில் நடந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நாட்டார் பாடல்கள் பற்றிய வகுப்பு. என் பெரிய பாட்டி பாடிய தாலாட்டை என் அப்பா ஒரு கேசட்டில் பதிந்து வைத்திருந்தார். அதைக் கணினிக்கு மாற்றிக் கொண்டுபோயிருந்தேன். எச்டிஎம்ஐ வழியாகப் படம் வந்தது, ஒலி வரவில்லை. மேசையில் தனியாகத் தொங்கிய சிறிய ஒலிக் கேபிளை ஹெட்ஃபோன் துளையில் செருகினேன். பாட்டி பாடத் தொடங்கினார். கூடவே, அடியில், 'ங்ங்ங்' என்று ஒரு முரலல். கேசட்டின் இரைச்சல் என்றுதான் முதலில் நினைத்தேன். பாட்டை நிறுத்தினேன். முரலல் நிற்கவில்லை.

இந்த ஒன்றை நானே கண்டுபிடித்தேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. மின்னேற்றியைச் சுவரிலிருந்து பிடுங்கினேன்: அமைதி. செருகினேன்: முரலல். மின்னேற்றியை அப்படியே விட்டுவிட்டு, ஒலிக் கேபிளை மட்டும் மடிக்கணினியிலிருந்து கழற்றினேன்: அமைதி. இரண்டும் சேர்ந்திருந்தால்தான் சத்தம். அப்படியானால் கேபிளும் கெடவில்லை, மின்னேற்றியும் கெடவில்லை. இரண்டும் சேர்ந்து ஒரு வளையம் ஆகிவிடுகின்றன.

இங்குள்ள மின்சாரம் 230 வோல்ட், விநாடிக்கு 50 சுழற்சி. மூன்று முள் பிளக்கின் பெரிய முள் நிலத்தோடு இணைந்தது. என் மடிக்கணினிக்கு நிலத்தொடர்பு மின்னேற்றி வழியாக ஒன்று. ஒலிக் கேபிளின் வெளியுறை வழியாக ஒலிபெருக்கியின் நிலத்தொடர்பு இன்னொன்று. இரண்டு வேறு இடங்களில் நிலத்தைத் தொடும் வளையத்தில் சிறிதளவு மின்னோட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அது அந்த 50 சுழற்சியின் தாளத்தில் சுற்றும். அதைத்தான் ஒலிபெருக்கி பெருக்கித் தாலாட்டுக்குச் சுருதி சேர்த்தது. அன்று மின்னேற்றியைக் கழற்றிவிட்டு மின்கலத்திலேயே வகுப்பை ஓட்டினேன்.

நிலத்தொடர்பு முள்ளை மறைத்தோ துண்டித்தோ முரலலை நிறுத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த முள் உயிரைக் காப்பதற்காக இருக்கிறது. செய்ய வேண்டியது ஒலிக் கேபிளின் நடுவே ஒரு தனிப்படுத்தியைச் செருகுவது. உள்ளே இரண்டு குட்டி மின்மாற்றிகள்; ஒலி காந்தத்தின் வழியாகத் தாண்டிவிடும், நிலத்தொடர்பு தாண்டாது. அதை வாங்கச் சிம் லிம் டவருக்குப் போனேன். சீனப் புத்தாண்டு வாரம். பெரும்பாலான கடைகளில் இரும்புக் கதவு இறங்கியிருந்தது. ஜாலான் புசாரில் வெறுங்கையோடு நடந்து, தேக்காவில் ஒரு தே தாரிக் குடித்துவிட்டுத் திரும்பினேன். இடைவேளை வாரத்தில் மறுபடி போனபோது கிடைத்தது. பன்னிரண்டு வெள்ளி. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிது. ஏழாம் வாரம் பாட்டி முரலல் இல்லாமல் பாடினார். அபாங்கிடம் காட்டி அனுமதி கேட்டுவிட்டுத்தான் செருகினேன். நோன்பு துறந்துவிட்டு ஏழரைக்கு வந்தவர், கையில் ஒரு பேரீச்சம்பழத்தை எனக்கும் வைத்துவிட்டு, அந்தத் தனிப்படுத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்த மாதம் எல்லா மேசைகளிலும் ஒன்று இருந்தது.

மைக்கைப் பற்றி ஒரு வெட்கக்கேடு. எனக்குக் குரல் பெரிது. பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்புத் தள்ளிக் கேட்கும். ஆகவே மைக்கைத் தொட்டதே இல்லை. எட்டாம் வாரம் வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவர் வந்து நின்றார். காதில் கருவி அணிந்திருக்கிறார் என்பதை அப்போதுதான் கவனித்தேன். அறைக்கதவில் ஒரு காது படம் ஒட்டியிருப்பதைப் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்திருக்கிறேன், கவனித்ததில்லை. தரைக்கடியில் ஒரு கம்பிவளையம் பதித்திருக்கிறது. மைக்கில் பேசுவது அந்த வளையத்தில் காந்த அலையாக ஓட, காதுக்கருவிக்குள் இருக்கும் சிறு சுருள் அதை நேராகப் பிடித்துக்கொள்ளும். அறையின் எதிரொலியும் குளிர்சாதனத்தின் இரைச்சலும் நடுவில் வராது. மைக்கில் பேசினால்தான். நான் எவ்வளவு கத்தினாலும் வளையத்துக்கு ஒன்றும் போகாது. எட்டு வாரம் அவர் என் உதடுகளைப் பார்த்தே பாடம் கேட்டிருக்கிறார்.

அன்றிலிருந்து மைக் உண்டு. ஜிப்பாவில் மைக் மாட்ட இடமில்லை என்பதால் சட்டைக்கு மாறினேன். மோவாய்க்குக் கீழே ஒரு சாண் இறக்கி மாட்ட வேண்டும். மிக மேலே மாட்டினால் தலையைக் குனியும்போதெல்லாம் குரல் அமுங்கும். ஸ்பீக்கருக்கு நேர் கீழே போய் நிற்கக் கூடாது, நின்றால் ஊளையிடும். மின்கலம் தீர்ந்திருப்பது வகுப்பு தொடங்கிய பிறகுதான் தெரியும்; ஆகவே பையில் எப்போதும் இரண்டு. மாணவர்கள் கேட்கும் கேள்வியை நான் மைக்கில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் பதில் சொல்கிறேன். இதைப் பழக இரண்டு வாரம் ஆனது.

ஒன்பதாம் வாரம் இணையத்தில் கட்டணம் செலுத்திப் பார்க்கும் பழைய படம் ஒன்றிலிருந்து ஒரு காட்சி காட்ட நினைத்தேன். ஒலி வந்தது, வசன எழுத்தும் வந்தது, படம் இருந்த இடத்தில் கறுப்பு. திருட்டுப் பிரதி எடுக்காமல் தடுக்கும் எச்டிசிபி பூட்டு அது. வழியில் இருக்கும் எல்லாக் கருவிகளிடமும் சாவி இருந்தால்தான் படம் திறக்கும். விரிவுரையைப் பதிவு செய்யும் பெட்டியிடம் சாவி இல்லை. காட்சியை நானே நடித்துக் காட்டினேன். அதைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை.

எல்லாக் கருவியிலும் எனக்குப் பிடித்துப்போனது விஷுவலைசர். ஒரு கையில் தொங்கும் கேமரா, கீழே ஒரு தாள். எழுதினால் திரையில் விழும். என் பழைய ஓஎச்பி வேறு பிறவி எடுத்து வந்ததுபோல இருந்தது. 'இ'யை எங்கே தொடங்கி எங்கே சுழிப்பது என்பதை எந்த ஸ்லைடாலும் காட்ட முடியாது. இதில் கையே தெரிகிறது. முதலில் திரையில் கரும்பட்டைகள் மேலிருந்து கீழாக நகர்ந்துகொண்டிருந்தன. கேமராவின் அமைப்பு 60 சுழற்சியில் இருந்தது, நம் விளக்குகளோ 50இல் எரிகின்றன. அமைப்பில் 50 என்று மாற்றியதும் பட்டைகள் நின்றன. பளீரென்ற வெள்ளைத் தாளுக்குப் பதிலாகக் கொஞ்சம் பழுப்பான தாளில் எழுதினால் கண் கூசாது. என் கை நகரும்போதெல்லாம் கேமரா குவியத்தைத் தேடித் தேடி அலையும். ஒருமுறை குவிந்ததும் தானியங்கிக் குவியத்தை அணைத்துவிடுகிறேன். சீர் பிரிப்பது, அசை பிரிப்பது எல்லாம் இப்போது பேனாவால்தான். நான்கு சீர் என்றால் நான்கு சீர். எந்த எழுத்துருவும் அதைக் கீழே உருட்ட முடியாது.

தீராமல் நிற்பது ஒன்று. இடப்பக்கத் திரையில் வெள்ளை நிறம் மஞ்சளாகத் தெரிகிறது. கேபிளை மாற்றிப் பார்த்தோம், இரு புரொஜெக்டர்களுக்கும் ஒரே படத்தை அனுப்பிப் பார்த்தோம். கோளாறு அந்தப் புரொஜெக்டருக்குள்தான். உள்ளே நீல ஒளி கடந்துபோகும் ஏடு ஆண்டுக்கணக்கில் சூடுபட்டு நொந்துவிட்டது என்றார் அபாங். நீலம் குறைந்தால் வெள்ளை மஞ்சளாகும். அமைப்பைத் திருகி ஓரளவு குறைத்தார். புது நிதியாண்டில் மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

பன்னிரண்டாம் வாரம் ஐந்திணை. முல்லைப் பூவின் படத்தை இரண்டு திரைகளிலும் போட்டேன். வலப்பக்கத்தில் வெள்ளை முல்லை, இடப்பக்கத்தில் அதுவே மஞ்சளாக. "சார், இடப்பக்கம் இருப்பது கொன்றையா?" என்று கடைசி வரிசையிலிருந்து கேட்டாள், புள்ளியைக் கேட்ட அதே மாணவி. இல்லையம்மா, அது புரொஜெக்டர் என்றேன். ஆனாலும் கொன்றையும் முல்லை நிலத்துப் பூதான், கார்காலத்தில் பூப்பது. எனவே அடுத்து அதையே எடுத்துக்கொண்டோம்.